தியானப் புல்வெளியில் ஒரு சலூன்

கப்பற்படை அந்தத் தளத்தைக் காலி செய்தபோது கப்பல்களை எடுத்துக்கொண்டு போனது, கொடிக்கம்பத்தை எடுத்துக்கொண்டு போனது, கொடிக்கம்பத்தைச் சுற்றி வெள்ளையடித்து வைத்திருந்த கற்களைக்கூட விடவில்லை. துருப்பிடித்த கொட்டகைகளையும், தண்ணீர் வற்றிய கப்பல் துறையையும், அதில் குடியேறியிருந்த தவளைகளையும், இரண்டாம் வாசலை ஒட்டிய சலூனையும், சலூனுக்குள் சலூன்காரரையும் மட்டும் விட்டுவிட்டுப் போனது.

தவளைகளைப் பற்றி அடுத்து வந்த வாரியம் ஓர் அறிக்கை தயாரித்தது. தவளைகள் எப்போது கத்துகின்றன, எதற்காகக் கத்துகின்றன, இடம் மாற்றினால் மனம் புண்படுமா என்றெல்லாம் அதில் இருந்ததாகக் கேள்வி. சலூன்காரரைப் பற்றி யாரும் எதுவும் தயாரிக்கவில்லை. அவர் கத்தாமல் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வாரியத்தின் முழுப்பெயர் 'முன்னாள் கப்பற்படைத்தளப் புத்தெழுச்சி மற்றும் பன்முகப் பயன்பாட்டு நகர்ப்புற உருவாக்க வாரியம்'. பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் பாதியிலேயே பலகை தீர்ந்துபோய், மிச்சத்தைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போனார். நல்ல மழை அடித்தால் வாரியத்தின் பிற்பாதி கரைந்துவிடும். அப்புறம் ஆள் வைத்து அதைப் புதுப்பிப்பார்கள். அந்த ஒரு வேலை மட்டும் அங்கே தவறாமல் நடந்துவந்தது.

பன்முகப் பயன்பாடு என்றால் ஒரே இடத்தில் வீடு, கடை, அலுவலகம், பூங்கா எல்லாம் இருக்கும் என்று யாரோ விளக்கினார்கள். 'கடை' என்ற சொல் காதில் விழுந்ததும் சலூன்காரர் நிம்மதியாகத் தூங்கினார். நம்முடையதும் கடைதானே!

அந்தத் தூக்கம் ஒரு காலை வேளையில் கலைந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் பாதி முகத்தில் நுரை இருக்கும்போது, வாரியத்தின் சட்டை போட்ட ஓர் ஆள் வந்து, சலூன் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டுவிட்டு, தள்ளி நின்று அதன் அழகைப் பார்த்தான்.

"என்னப்பா இது?"

"புல்லுண்ணே."

"என்ன புல்லு?"

"இங்க புல்லு வருது. கடை போகுது. மழைக்கு முன்னாடி காலி பண்ணிடுங்க. சுவத்துல சாஞ்சிடாதீங்க, ஈரமா இருக்கு."

சலூன்காரர் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். கடை என்றால் வெறும் கடையா? நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் திரையை விலக்கினால் வீடு. அவரும் மனைவியும் சமைப்பதும் படுப்பதும் சண்டை போடுவதும் அங்கேதான். கடை போனால் தொழிலோடு கூரையும் சேர்ந்து போகும். மறுபாதி முகத்தை எப்படிச் சவரம் செய்து முடித்தார் என்பது அவருக்கும் தெரியாது, அந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. அவர் ஒரு பக்க மீசையோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேலாளர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டார், ஏனென்றால் கேட்க மாட்டார். சலூன்காரரின் தோளில் கைபோட்டு அன்பாக உள்ளே ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார்.

கூடத்தின் நடுவே, நாலு கட்டில்களைச் சேர்த்துப் போட்ட அகலத்தில், வரப்போகும் நகரத்தின் மாடல் இருந்தது. நீலக் கண்ணாடியில் கடல். பஞ்சில் மரங்கள். கப்பல் துறையில் ஒரு குட்டிப் போர்க்கப்பல், பித்தளைக் கம்பியில் பாய்மரம் போல நிமிர்ந்த கொடிக்கம்பத்தோடு. தெருக்களில் அரிசி மணி அளவு மனிதர்கள், ஆளுக்கொரு நாயோடு உலாவினார்கள். அவர்களில் ஒருவருக்கும் தலையில் முடியே இல்லை என்பதைத்தான் சலூன்காரர் முதலில் கவனித்தார். இந்த ஊரில் நமக்கு வேலை இல்லை என்று அப்போதே அவருக்குப் பட்டது.

"உங்க கடை எங்க இருக்குன்னு காட்டுங்க," என்றார் மேலாளர்.

சலூன்காரர் விரல் நீட்டினார்.

"இங்க தியானப் புல்வெளி இருக்கே?"

"அங்கதான் சார் கடை இருக்கு."

"எங்க? எனக்குத் தெரியலையே." மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, உண்மையாகவே தேடினார்.

"இதுல இல்ல சார். வெளியில இருக்கு. நான் இப்ப அங்கேருந்துதான் வர்றேன்."

"புல்வெளியிலேருந்தா?"

"கடையிலேருந்து சார்! இதோ, இந்த ஜன்னல்ல எட்டிப் பாருங்களேன். சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்கே, அதான்."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "ஜன்னல் வழியா பார்த்தா எல்லாம் துண்டு துண்டாத்தான் தெரியும் அய்யா. முழுசா தெரியணும்னுதானே மாடல் பண்ணி வெச்சிருக்கோம்? நீங்க வீணா பயப்படுறீங்க. இருக்கிற எதையும் தொடக் கூடாதுன்னு தலைவர் கண்டிப்பா சொல்லியிருக்கார். நீங்களே சொல்லுங்க, இதுல இருக்கிற எதையாவது நாங்க தொட்டிருக்கோமா?"

சலூன்காரர் மாடலைப் பார்த்தார். எதையும் தொடவில்லைதான்.

"உங்க மனக்குறைய மக்கள் கனவுக் கூட்டத்துல வந்து சொல்லுங்க. மக்கள் கருத்துதான் எங்களுக்கு வேதம்," என்று சொல்லி, வந்த வழியே தோளில் கைபோட்டு வெளியே கொண்டுவந்து விட்டார் மேலாளர்.

கனவுக் கூட்டம் பழைய பட்டறையில் நடந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் கலர் காகிதம் கொடுத்து, வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னாள், கூட்டத்தை நடத்த வந்த பெண். பிறகு ஒவ்வொருவரும் தன் கனவை ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்டு அவள் பலகையில் எழுதுவாள்.

சலூன்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தளத்தின் பழைய வெல்டர். ஆள் உயரம் என்பதால் எல்லாரும் அவரைக் கிரேன் என்பார்கள்.

"கக்கூஸ்," என்றார் கிரேன்.

"சார்?"

"கக்கூஸ்மா. இவ்வளவு பெரிய எடத்துல ஒண்ணுகூட இல்ல. எனக்கு சர்க்கரை வேற."

அவள் முகம் கோணாமல் 'நீரோடு இயைந்த பொதுவெளி' என்று எழுதினாள். கிரேன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது எங்கம்மா இருக்கும், ஆம்பளைங்களுக்குத் தனியா?" என்று கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

"உங்க கனவு சார்?"

"என் கடை," என்றார் சலூன்காரர்.

"அது ரெண்டு வார்த்தை சார்."

"சரி, கடை."

"இன்னும் கொஞ்சம் ஆழமா போங்க. கடைன்னா உங்களுக்கு என்ன தோணுது? கண்ண மூடுங்க."

சலூன்காரர் கண்ணை மூடினார். "நாற்காலி தோணுது. ஒருத்தர் உக்காந்திருக்காரு. அசையாம, பேசாம, கண்ண மூடிட்டு."

"அருமை!" என்றாள் அவள். 'அமைதி, அமர்தல், அகம்' என்று பலகையில் எழுதி, மூன்றுக்கும் கீழே கோடு போட்டாள். தியானப் புல்வெளியை மக்களே ஒருமனதாகக் கேட்டுக்கொண்டார்கள் என்று வாரியம் மறுவாரம் அறிவித்தது.

"நீங்களே போய்க் கேட்டீங்களா புல்லு வேணும்னு?" என்றாள் சலூன்காரரின் மனைவி. அவள் சந்தையில் துணி விற்ற குடும்பத்தில் பிறந்தவள். யார் சொன்ன விலைக்கும் அவள் இதுவரை தலையாட்டியதில்லை. தன் கல்யாணத்துக்கு மட்டும் தலையாட்டினாள். அந்தப் பேரமும் இன்றைக்கு வரை படிந்தபாடில்லை.

"நான் கடைன்னுதான்டி சொன்னேன்."

"அத விடுங்க. மாடல்ல இருக்கிறத தொட மாட்டோம்னு அந்த மனுஷன் வாயால சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்ப கடைய மாடல்ல வெச்சிட்டு வாங்க."

"நானா?"

"இல்லாத கப்பலையே அவங்க வெச்சிருக்காங்க. இருக்கிற கடைய நீங்க வெச்சா என்ன? என் தம்பி எதுக்கு அங்க இருக்கான்?"

அவள் தம்பிக்கு வாரியத்தில் மாடலைத் தூசி தட்டும் வேலை. அதற்கு ஒரு பிரஷ் வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டிருந்தான். அது வந்துசேரும் வரை சலூனில் பிடரியில் தட்டும் பிரஷை வாங்கிக்கொண்டு போய்த்தான் அந்த எதிர்கால நகரம் முழுவதையும் சுத்தமாக வைத்திருந்தான். ஆகவே வாரியம் ஏற்கெனவே சலூனுக்குக் கொஞ்சம் கடன்பட்டுத்தான் இருந்தது.

கடை மாதிரி ஒன்றை எங்கே தேடுவது? சலூன்காரர் தன் மேசையைத் துழாவினார். சோப்பு உருண்டை. பவுடர் டப்பாவில் சினிமாக்காரி படம். கடைசியில் கையில் அகப்பட்டது சவரம் முடிந்து தாடையில் தேய்க்கும் படிகாரக் கட்டி. தேய்ந்து தேய்ந்து நாலு பக்கமும் வழவழவென்று ஆகி, ஒரு பக்கம் லேசாகச் சரிந்து, ஏறக்குறையச் சலூனின் வடிவத்திலேயே இருந்தது. கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், மைத்துனன் கொடுத்த பசையைத் தடவி, தியானப் புல்வெளியின் நடுவில் கடையை வைத்தார்.

கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அரிசிமணி மனிதர்களின் நாய்கள் எல்லாம் அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது.

"மச்சான், பன்னெண்டு மாடி வரும் போலிருக்கே," என்றான் மைத்துனன்.

"கடை இருக்குன்னு தெரிஞ்சா போதும்டா. அளவெல்லாம் யாரு பார்க்கப் போறா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மைத்துனன் பதறிப்போய்ப் பிரஷை மச்சான் கையில் திணித்துவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். உள்ளே வந்தவர் வாரியத் தலைவர். இதற்கு முன் மூன்று வாரியங்களுக்குத் தலைமை தாங்கிய அனுபவம் அவருக்கு உண்டு. அந்த மூன்றும் இப்போது இல்லை. அவருக்குப் பின்னால் மேலாளர். மேலாளருக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட கட்டடக் கலைஞர், வெயிலானாலும் மழையானாலும் அவருக்கு அதே கறுப்புதான். கேள்வி கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பெரிய படிப்பு படித்தவர்.

பிரஷும் கையுமாக நின்ற சலூன்காரரை யாரும் பார்க்கவில்லை. பிரஷ் வைத்திருப்பவனைப் பார்ப்பது அந்தக் கட்டடத்தில் வழக்கமில்லை.

தலைவர் நின்றார். குனிந்தார். "இது எப்ப வந்துச்சு?"

ஜன்னல் வெளிச்சம் படிகாரத்துக்குள் புகுந்து, வெள்ளையும் நீலமுமாக உடைந்து, கண்ணாடிக் கடல் மீது விழுந்துகொண்டிருந்தது. மேலாளருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியவில்லை என்றால் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போகவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

"போன கூட்டத்துல பேசினோமே சார்," என்றார்.

"ஆமா, பேசினோம்," என்றார் தலைவர். அவரும் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவர் திரும்பிக் கட்டடக் கலைஞரைப் பார்த்தார். "உங்க வேலைதானா?"

கட்டடக் கலைஞர் கண்ணை மூடினார். அவர் மூடிய கண்ணுக்குள் என்ன கணக்கு ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். திறந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"நான் இதை விளக்க விரும்பல. விளக்கினா செத்துடும்."

"பிரமாதம்!" என்றார் தலைவர். "உப்புக் காத்துல உறைஞ்ச அலை மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் சரிஞ்சிருக்கே..."

"பணிவு," என்றார் கட்டடக் கலைஞர்.

சலூன்காரர் வாயைத் திறந்தார். "சார், அது வந்து..."

"தூசி தட்டும்போது இது மேல கை படக் கூடாது. புரியுதா?" என்றார் மேலாளர்.

அந்த வார முடிவில் 'படிகக் கோபுரம்' என்று ஊரெல்லாம் விளம்பரம் முளைத்தது. கடலைப் பார்த்த வீடுகள், காற்றைப் பார்த்த வீடுகள், தங்களையே பார்த்துக்கொள்ளும் வீடுகள் என்று மூன்று வகை. முன்பதிவு திறந்த சூட்டில் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. சிவப்புப் பெயிண்ட் ஆள் மறுபடியும் வந்து, பழைய பெருக்கல் குறிக்கு மேலேயே இன்னொன்று போட்டான்.

"இது எதுக்குப்பா?"

"புல்லு ரத்துண்ணே. கோபுரம் வருது. மழை வரைக்கும் எல்லாம் நேரமில்லையாம், திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே இடிப்பு."

மனைவி சுவரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடைய வெச்சிட்டு வாங்கன்னு அனுப்பினா, பன்னெண்டு மாடியத் தூக்கி நம்ம தலையில வெச்சிட்டு வந்திருக்கீங்க. நாளைக்குப் போய் எடுத்துட்டு வாங்க."

"எப்படி எடுக்கிறது? காவலுக்கு ஆள் போட்டுட்டாங்க. உன் தம்பிக்கே இப்ப தூரத்துலேருந்துதான் தட்டணுமாம்."

திட்டத் திறப்பு விழாவுக்குச் சலூன்காரருக்கும் அழைப்பு வந்தது. 'தளத்தின் வாழும் பாரம்பரியம்' என்ற அட்டையைச் சட்டையில் குத்தி, மாடலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். உட்காரக் கூடாது என்றார்கள், பாரம்பரியம் நின்றால்தான் படத்தில் நன்றாக விழுமாம். முன்வரிசையில் வீடு பதிந்தவர்கள். ஓரத்தில் கிரேன், அடிக்கடி எழுந்து வெளியே போய் வந்துகொண்டிருந்தார்.

தலைவர் பேசினார்.

"இங்கே ஒரு காலத்தில் கப்பல்கள் பழுது பார்க்கப்பட்டன. இனி மனிதர்கள் பழுது பார்க்கப்படுவார்கள். மக்களைக் கேட்காமல் இந்த வாரியம் ஒரு முடிவையும் எடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் முடிவெடுத்த கையோடு கேட்டிருக்கிறோம். இந்த இடத்தில் யாரும் குடியிருக்கவில்லை என்பதை நாங்கள் நேரில் ஆளனுப்பி உறுதி செய்துகொண்டோம். இங்கே குடியிருப்பவர்களே அதற்குச் சாட்சி!"

கைதட்டினார்கள். குடியிருப்பவர் என்ற முறையில் சலூன்காரரும் தட்டினார்.

தலைவர் மாடலை மூடியிருந்த பட்டுத்துணியை ஒரே வீச்சில் உருவினார். துணி வந்தது. கூடவே குட்டிப் போர்க்கப்பலின் பித்தளைக் கொடிக்கம்பி அவருடைய ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டு வந்தது. ரத்தம் சொட்டி நீலக் கடலில் விழுந்தது. முதலுதவிப் பெட்டி எங்கே என்று ஒரே கூச்சல். மேலாளர் ஓடிவந்து மாடலில் மருத்துவமனை இருந்த இடத்தைக் காட்டினார்.

சலூன்காரர் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடமே இல்லை அது. காலமெல்லாம் ரத்தத்தைக் கண்டதும் அவர் கை போகிற இடம் ஒன்றுதான். கை போனது. படிகக் கோபுரத்தை அடியோடு பெயர்த்தது. மேடையிலிருந்த தண்ணீர்க் குவளையில் முக்கியது. தலைவரின் விரலை இறுகப் பிடித்து அதன்மேல் வைத்துத் தேய்த்தது.

"எரியும் சார். கொஞ்சம் பல்லக் கடிச்சுக்குங்க."

ரத்தம் நின்றது. அப்போதுதான் சலூன்காரர் தன் கையில் இருப்பது என்ன என்று பார்த்தார். தலைவரும் பார்த்தார்.

"என்னய்யா இது?" தலைவரின் குரல் விரலைவிட மெலிந்திருந்தது.

"என் கடை சார். அதாவது கடை அங்க இருக்கு, இது கடையில இருந்தது. மன்னிச்சிடுங்க சார். படிகாரம்."

தலைவர் கட்டடக் கலைஞரிடம் திரும்பினார். கட்டடக் கலைஞர் கண்ணை மூடியிருந்தார். இந்த முறை திறக்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் வீடு பதிந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் மூன்று வாரியங்களை மூடியவர் என்று முன்பே சொன்னேன். அந்த அனுபவம் வீண் போகவில்லை. மருந்து போட்ட விரலை உயர்த்திப் பிடித்தார்.

"பார்த்தீர்களா? உலகத்தில் எத்தனையோ கோபுரங்கள் உண்டு. காயம் ஆற்றும் கோபுரம் எங்கேயாவது உண்டா? அதைத்தான் இப்போது உங்கள் கண்முன்னால் செய்து காட்டினோம். நம் வாழும் பாரம்பரியத்துக்கு ஒரு கைதட்டல்!"

கட்டடம் இடிகிற மாதிரி கைதட்டினார்கள். கோபுரம் திரும்பவும் புல்வெளியில் வைக்கப்பட்டது. தேய்த்ததில் ஒரு மூலை கரைந்து போயிருந்தது. அந்த மூலையில் வீடு பதிந்தவர்களுக்கு, உங்கள் வீடு 'திறந்தவெளி மாடமாக' உயர்த்தப்பட்டிருக்கிறது என்று வாழ்த்துச் செய்தி போனது.

மறுநாள் இடிக்க வண்டி வந்தது. சலூன்காரர் நாற்காலியைக் கழற்றிக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு, வாசலில் மனைவியோடு நின்றார். வண்டிக்காரர் இறங்கி, "கோபுரத்துக்கு எதுவரைக்கும் தோண்டணும்?" என்று மேலாளரைக் கேட்டார். மேலாளர் கட்டடக் கலைஞரைக் கேட்டார். படிகாரத்துக்குள் தூண் எங்கே வரும், லிஃப்ட் எங்கே வரும் என்று கட்டடக் கலைஞர் இரவெல்லாம் விளக்கில் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார். வாசலே கிடைக்கவில்லை. தெரியாது என்று சொன்னால் தான் செய்ததில்லை என்று ஆகிவிடும். ஆகவே அவர் சொன்னார்:

"கோபுரத்தோட ஆன்மா இந்த மண்ணுல இருக்கு. வடிவம் முழுசா பிறக்கிற வரைக்கும் இங்க ஒரு செங்கல்கூட அசையக் கூடாது."

அதை வாரியம் தீர்மானமாகவே போட்டது. கோபுரம் இல்லை என்று சொன்னால் விற்ற காசைத் திருப்ப வேண்டும். கட்டுகிறோம் என்றால் எங்கேயாவது ஒரு வாசல் வைக்க வேண்டும். 'வடிவமைப்பு முன்னேறி வருகிறது' என்பதற்குச் செலவே இல்லை. வண்டி திரும்பிப் போனது.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. புருஷனை வீட்டில் விட்டுவிட்டுத் தானே மேலாளரிடம் போனாள்.

"வீடு வாங்கினவங்க எல்லாரும் எங்க கடைக்குத்தான் சார் வந்து நிக்கிறாங்க. படிக்கட்டு எந்தப் பக்கம்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"வடிவமைப்பு முன்னேறிட்டு வருதுன்னு சொல்லுங்கம்மா."

"சொல்லலாம். நாள் பூரா சொன்னா தொண்டை வறண்டுடுது. குழாய் இல்ல."

மேலாளர் அவளைப் பார்த்தார். "குழாய் போட்டுடலாம்."

"இருட்டுல வந்து கேக்குறாங்க. அவங்க மூஞ்சி தெரியல, நான் பாட்டுக்கு எதையாவது உளறிட்டா?"

"விளக்கு ஒண்ணு போடச் சொல்றேன்."

"ரெண்டு."

"அம்மா, அந்த எடத்துக்கு ஒண்ணே அதிகம்."

"பன்னெண்டு மாடிக்கா சார்?"

மேலாளர் இரண்டு என்று குறித்துக்கொண்டார். போகிற போக்கில் அவள், "அந்தப் பெரியவருக்கு சர்க்கரை, ஒரு கக்கூஸும் சேர்த்து எழுதிக்குங்க," என்றாள். அதையும் எழுதினார். வாரியம் உண்மையில் கட்டி முடித்த ஒரே கட்டடம் அதுதான். தலைவர் வந்து ரிப்பன் வெட்டினார், இந்த முறை கையுறை போட்டுக்கொண்டு. முதலில் உள்ளே போனவர் கிரேன்.

சலூன் இருக்கிறது. கூரைமேல் 'படிகக் கோபுரம் – விரைவில்' என்று பெரிய பலகை நிற்கிறது, மழையில் ஒழுகிய இடத்தை அது நன்றாக மறைக்கிறது. வியாபாரமும் மோசமில்லை. வீடு பதிந்தவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், வேறு ஒன்றும் இல்லாததால் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு போவார்கள்.

ஒன்பதாவது மாடி வாங்கியவர் வாரம் தவறாமல் சவரத்துக்கு வருகிறார். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைச் சாய்த்ததும் கழுத்தில் துணியோடு அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எனக்கு எந்தப் பக்கம் வரும்னு நினைக்கிறீங்க?"

"உங்களுக்கு நேர் மேலதான் சார். இந்த ஓட்டுக்கு மேல எட்டு தட்டு தாண்டி."

"கடல் தெரியுமா?"

சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டு அவரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். தாடையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"நல்லா தெரியும் சார். இப்ப கொஞ்சம் அசையாம இருங்க, கழுத்துக்கு வந்திருக்கேன்."